ஆயில் மூடியில் வெண்ணெய் போல் படிவது ஏன்?

பண்ணை இயந்திரங்கள்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. காலையில் பால் சொசைட்டிக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மட்டும்தான் எடுக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து, எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளையாக வெண்ணெய் போல் ஒட்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று சொன்னார்கள். கரும்புப் பணம் வந்தால்தான் அந்தச் செலவைச் செய்ய முடியும். அதுவரை வண்டியை ஓட்டலாமா?

— வாசகர், மூங்கில்துறைப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: மூடியில் தெரியும் வெள்ளையை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்ற வேண்டாம். அதைப் பார்க்காதது போல் ஓட்டவும் வேண்டாம். இந்த அடையாளம் இரண்டு காரணங்களால் வரும். ஒன்று, குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் தங்கிவிடும் ஈரம். வண்டியை ஓட்டும் முறையைச் சற்று மாற்றி, எஞ்சினின் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்தால் இது சரியாகிவிடும். மற்றொன்று, ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலப்பது. அப்படியானால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. மூடியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகளால் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலோ டீசலோ எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. இதில் மிகப் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சர் நுனியில் சொட்டும் தண்ணீர் இதுதான்.

ஆனால் எல்லாமே அந்த வழியில் போவதில்லை. பிஸ்டன் ரிங்குகள் புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு ரிங் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கி, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் போகும். அதோடு நீராவியும் எரியாத எரிபொருளும் போகும். இந்த வாயு உள்ளேயே அடைந்து கிடந்தால் அழுத்தம் கூடி ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதைப் பிரீதர் என்பார்கள்.

பழைய டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் பிரீதர் குழாய் எஞ்சின் பக்கவாட்டில் கீழ்நோக்கித் திறந்தபடி இருக்கும். வாயு நேராக வெளிக்காற்றில் கலந்துவிடும். இன்றைய கார்களில் அப்படி விடுவதில்லை. அந்த வாயுவை மறுபடியும் எஞ்சின் இழுக்கும் காற்றோடு சேர்த்து எரித்துவிடுகிறார்கள். பெட்ரோல் கார்களில் இந்த வேலையைச் செய்யும் சிறு வால்வுக்கு பிசிவி வால்வு என்று பெயர். காற்று மாசைக் குறைப்பதற்காக 1961 மாடல் கார்களில் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏற்பாடு இது. 1963 மாடல்களில் அமெரிக்கா முழுவதும் வந்து, பிறகு உலகெங்கும் பரவியது. வாசகரின் காரிலும் இந்த ஏற்பாடுதான் இருக்கும்.

மார்கழியில் மட்டும் ஏன்?

சோறு கொதிக்கும் பானையின் மூடியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த இடத்தில் பட்டால் நீராகும். எஞ்சினிலும் இதுவேதான் நடக்கிறது. ஆயில் ஊற்றும் மூடி எஞ்சினின் உச்சியில், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கிறது. பனிக்காலையில் அந்த மூடியும் வால்வு கவரும் பிரீதர் குழாயும் சில்லென்று இருக்கும். கீழிருந்து வரும் ஆவி அங்கே நீராகி, தெறிக்கும் ஆயிலோடு கலந்து, மத்தால் கடைந்தது போல் வெள்ளையாகத் திரள்கிறது.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து நீண்ட நேரம் ஓடினால் இந்த ஈரம் தானாக ஆவியாகி பிரீதர் வழியே போய்விடும். அதற்கு ஆயில் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டேஷ்போர்டில் உள்ள சூட்டு முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை, ஆயிலின் சூட்டை அல்ல. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூடாக ஏறத்தாழ அதே அளவு நேரம் இன்னும் தேவைப்படும்.

பால் சொசைட்டி இரண்டு கிலோமீட்டர், பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஒரு நாளும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கொஞ்சம் ஈரம் உள்ளே சேரும். அது வெளியேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். கோடையில் காற்றே சூடாக இருப்பதால் தெரிவதில்லை. மார்கழி, தை மாதங்களில் வெளியே தெரிந்துவிடுகிறது.

கனடா போன்ற குளிர்நாடுகளில் இந்த ஈரம் பிரீதர் குழாய்க்குள்ளேயே பனிக்கட்டியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல்கள் வழியாகப் பீறிடுவதும் உண்டு. நம் பக்கம் அந்தக் குளிர் இல்லை. ஆனால் ஈரமும் ஆயிலும் கலந்த பசை குழாயில் நாளடைவில் படிந்து அதே அடைப்பை மெதுவாக உண்டாக்கும். மேலும், அந்த ஈரம் எரிந்த வாயுவில் உள்ளவற்றோடு சேர்ந்து அமிலமாகி பேரிங்குகளை அரிக்கத் தொடங்கும். ஆகவே இது வெறும் வெள்ளைப் படிவுதானே என்று விட்டுவிடக் கூடியதல்ல.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா?

நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. "இந்த வெயிலுக்கு இது வேண்டாம்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் ஒருமுறை சூடேறி நின்றுவிட்டால் அதன் பிறகு அது திரும்ப மாட்டப்படுவதே இல்லை. எஞ்சின் தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. பெரும்பாலும் 80 டிகிரிக்கு மேல்தான் அது திறக்கும். அது இல்லாவிட்டால் கிளப்பிய நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரில் சுற்றிக் குளிர்ந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் இருபது கிலோமீட்டர் ஓடினாலும் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. பழைய வண்டி வாங்கியவர்கள், சூட்டு முள் எப்போதும் கீழேயே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றால், புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை மாட்டச் சொல்ல வேண்டும். ஹெட்டைக் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

கேஸ்கெட்டா, ஈரமா? மூன்று சோதனைகள்

மூன்றையும் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே செய்ய வேண்டும். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில்தான் ஆயில் கீழே இறங்கித் தெளிந்திருக்கும்.

1. டிப் ஸ்டிக்: ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்கவும். கம்பியின் அடிமுனையில், ஆயில் நனைத்த பகுதியில் நிறம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த காபி நிறமாக இருந்தால் ஆபத்து. கம்பியின் மேல்பாகத்தில் மட்டும் லேசான வெள்ளை இருந்தால் அதுவும் மூடியில் படிந்தது போன்ற ஈரமாக இருக்கலாம். ஆயில் அளவு முன்பைவிட ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கவும். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறினால் உள்ளே தண்ணீரோ எரிபொருளோ சேர்கிறது என்று பொருள்.

2. கூலண்ட் அளவு: எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, கூலண்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கும் அளவில் பேனாவால் ஒரு கோடு போடவும். ஒரு வாரம், தினமும் காலையில் மட்டும் பார்க்கவும். வெளியில் எங்கும் ஒழுகாமலே அளவு குறைந்துகொண்டே போனால், அது உள்ளேதான் போகிறது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

3. தோசைக்கல் சோதனை: சமையலுக்கு இனி எடுக்காத பழைய தோசைக்கல் ஒன்றை வீட்டுக்கு வெளியே வைத்துச் சூடாக்கவும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் அளவுக்குச் சூடு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கல்லை நன்றாகத் துடைத்து உலர்த்தவும். பிறகு டிப் ஸ்டிக்கின் அடிமுனையிலிருந்து ஒரே ஒரு துளி ஆயிலைக் கல்லில் விடவும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கக் கூடாது. துளி அமைதியாகப் பரவிப் புகைந்தால் ஆயிலில் குறிப்பிடும்படி தண்ணீர் இல்லை. சடசடவென்று வெடித்துக் குமிழிட்டால் தண்ணீர் இருக்கிறது. மூடியில் உள்ள வெள்ளைப் பசையை எடுத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அது எப்படியும் வெடிக்கும்.

மூன்றில் எதுவும் சந்தேகம் தராவிட்டால், மூடியைத் துணியால் துடைத்துவிட்டு வண்டியை ஒருமுறை சங்கராபுரம் வரை ஓட்டிப் போய்வரலாம். நிறுத்தாமல் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். திரும்பி வந்து எஞ்சின் ஆறியபின் மூடியைப் பார்த்தால், படிவு இல்லாமலோ மிகக் குறைந்தோ இருக்கும். அப்படியானால் அது ஈரம்தான்.

ஆயில் அடியில் பால் நிறம், குறையும் கூலண்ட், எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப்புகை, கூலண்ட் டப்பாவில் இடைவிடாத குமிழி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வண்டியைக் கிளப்பாமல் இழுத்துக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும். அப்போதும், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்து காட்டும்படி கேட்க வேண்டும். சில எஞ்சின்களில் கேஸ்கெட் நன்றாக இருந்து, ஆயில் கூலர் கசிவதும் உண்டு. ஹெட்டைக் கழற்றிய பின் அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

பிரீதரைச் சரிபார்ப்பது

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பார்க்கவும். லேசான மூச்சுப் போல் காற்று வந்தால் இயல்பு. புகைபோக்கி போல் அழுத்தமாகப் புகை வந்தால், பிரீதர் அடைத்திருக்கிறது அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும், புதிதாக ஆயில் கசியத் தொடங்குவதும் அதே அறிகுறிகள். இதைச் செய்யும்போது துண்டையும் வேட்டி முனையையும் ஃபேன் பெல்ட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வு கவரிலிருந்து காற்றுக் குழாய்க்குப் போகும் ரப்பர் ஓஸைக் கழற்றினால், உள்ளே வெள்ளைப் பசை இருப்பது தெரியும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, நன்றாக ஊதிக் காயவைத்து மாட்டலாம். தண்ணீரில் கழுவக் கூடாது. ஓஸ் உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ புதிது போட வேண்டும். ஸ்பிரிங் வகைப் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் மாற்ற வேண்டும். டீசல் கார்களில் இதற்குப் பதிலாக ஆயில் பிரிப்பான் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இனி இந்தக் காருக்குச் செய்ய வேண்டியது: குளிர்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டவும். பால் சொசைட்டிக்கும் பள்ளிக்கும் தனித்தனியாகக் கிளப்பாமல், முடிந்தால் ஒரே ஓட்டமாகச் சேர்த்துக்கொள்ளவும். வண்டியோடு வந்த கையேட்டில் குறுகிய தூர ஓட்டத்துக்கு என்று ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றவும். கிலோமீட்டர் ஆகவில்லை என்று பார்க்காமல், வருடம் ஒருமுறையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற்றவும்.

கேள்வி: அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரை ஆலையில் இரவு முழுவதும் வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பனியில் நின்றால் காலையில் செல்ஃப் எடுக்காது என்று டிரைவர் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருக்கிறார். இது சரியா?

பதில்: சரியல்ல. டீசல் எஞ்சின் சுமையில்லாமல் ஐடிலில் ஓடும்போது எரிபொருள் மிகக் குறைவாக எரியும். அதில் வரும் சூடு எஞ்சினை முழுச் சூட்டில் வைக்கப் போதாது. பனிக்காற்றில் நிற்கும்போது எஞ்சின் இன்னும் ஆறிவிடும். அரைகுறையாக எரிந்த டீசலும் ஈரமும் ரிங் வழியே ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் ஓடினால் டீசல் செலவும் பல லிட்டர் ஆகும்.

கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்து வரும் டிராக்டருக்கு அந்தப் பாரமே நல்ல சூட்டைத் தந்துவிடும். அப்படி வந்த எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்திவிடலாம். டர்போ உள்ள எஞ்சினுக்கு அந்த ஓரிரு நிமிடம் கட்டாயம் வேண்டும். வரிசை நகரும்போது மட்டும் கிளப்பினால் போதும். செல்ஃப் எடுக்காதோ என்ற பயம் இருந்தால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பருவம் தொடங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டிராக்டர்களில் உள்ள மெக்கானிக்கல் ஹவர் மீட்டர் எஞ்சின் வேகத்தைப் பொறுத்து ஓடும். ஆகவே ஐடிலில் நின்ற நேரம் அதில் முழுதாகப் பதிவாகாது. மீட்டர் காட்டும் மணிக்கணக்கை மட்டும் நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால், ஆயில் உண்மையில் தாங்கவேண்டிய நேரத்தைவிட அதிகம் ஓடியிருக்கும்.

டிராக்டரின் பிரீதர் குழாய் நுனியையும் பார்க்க வேண்டும். சேறு உழுத பிறகு அங்கே மண் காய்ந்து அடைத்திருக்கும். சில நாள் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஆயில் சொட்டுகிறது என்று குழாய் வாயில் துணியைத் திணிப்பவர்களும் உண்டு. மூச்சை அடைத்தால் அந்த ஆயில் கிராங்க் சீல் வழியாக வெளிவரும். சீலை மாற்ற வேண்டுமானால் டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கல்வராயன் மலையில் எங்கள் நிலத்தில் டீசல் பம்ப்செட் ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு இரண்டு மாதம் வேலை இல்லை. எஞ்சின் கெட்டுவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறோம். போதுமா?

பதில்: ஐந்து நிமிட ஓட்டம் நன்மையைவிடத் தீமையையே செய்யும். ஐந்து நிமிடத்தில் ஈரம் உண்டாகிவிடும், வெளியேறாது. மலையில் பனியும் குளிரும் சமவெளியைவிட அதிகம் என்பதால் இன்னும் மோசம். ஓட்டினால் தண்ணீர் இறைக்கும் சுமையோடு அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறை அப்படி ஓட்டினால் போதும். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஓட்டாமலே விட்டுவிடுவது நல்லது. நிறுத்தி வைக்கும் முன் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி ஒருமுறை சூடாக ஓட்டி நிறுத்தவும். பழைய ஆயிலில் உள்ள ஈரமும் அமிலமும் இரண்டு மாதம் பேரிங்கோடு கிடக்கக் கூடாது. சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டியையும் மழைநீர் புகாமல் மூடி வைக்கவும். மறுபடி கிளப்பும் முன் மூடியை எடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் எஞ்சினில் வெள்ளை படிகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதன்மைக் காரணம் அது அல்ல. எத்தனால் கலக்காத காலத்திலும், டீசல் எஞ்சின்களிலும் இதே வெள்ளைப் படிவு வந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்து வரும் தண்ணீர் பெட்ரோலில் வருவதற்கு ஏறத்தாழ சமம்தான். ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. குளிர்ந்த எஞ்சினில் எரியாமல் கீழே இறங்கினால் ஆயிலும் நீரும் குழம்பாவதற்கு அது துணை செய்யும். ஆகவே குறைந்த தூரமே ஓடும் பைக்குக்கும் காருக்கும் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கை ஏறக்குறைய காலியாக விடாமல் இருப்பதும் நல்லது. காலி இடத்தில் நிற்கும் காற்றின் ஈரம் இரவில் டேங்குக்குள்ளும் வியர்க்கும்.